வெற்று மிரட்டல்: விலங்குகள் பயமுறுத்தும்போது உண்மையில் நடப்பது என்ன?

காட்டில் எடுக்கப்படும் காணொளிகளில் இந்தக் காட்சியை அடிக்கடி பார்க்கலாம். யானை ஒன்று காதுகளை விரித்துக்கொண்டு பிளிறியபடி ஓடிவருகிறது. சில அடி தூரத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. உடனே ஒரு குரல் கேட்கும்: "பயப்படாதீங்க, சும்மா உதார் விடுது."

அந்தப் பேச்சுக்குப் பின்னால் இரண்டு தவறான எண்ணங்கள் இருக்கின்றன. மிரட்டிவிட்டு நிற்கும் விலங்கு ஆபத்தில்லாதது என்பது ஒன்று. விலங்கு நம்மை ஏமாற்றத் திட்டமிட்டு நடிக்கிறது என்பது இன்னொன்று. முதல் எண்ணம் மனித உயிரைப் பறிக்கக்கூடியது. இரண்டாவது, விலங்குகளின் நடத்தையில் மிக அழகான ஒரு பகுதியை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்குவோம்.

## சண்டை போடாமல் மிரட்டுவது ஏன்?

ஒரு வீட்டு வாசலில் "நாய்கள் ஜாக்கிரதை" என்று பலகை தொங்குகிறது. உள்ளே நாய் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். திருட வருபவனுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, சுவரேறிக் குதித்துப் பார்ப்பதுதான். நாய் இருந்துவிட்டால் கடி நிச்சயம். அதற்கு அடுத்த வீட்டைப் பார்ப்பது மேல். பலகை மாட்டியவருக்கு அதில் பெரிய செலவு இல்லை. சோதித்துப் பார்ப்பவனுக்குத்தான் செலவு அதிகம்.

விலங்குகளின் மிரட்டலும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. காட்டில் மருத்துவமனை கிடையாது. சண்டையில் ஜெயித்த விலங்குக்கும் கால் பிசகினால் இரை தேட முடியாது, காயம் சீழ் பிடித்தால் உயிர் பிழைப்பது கடினம். வேட்டை விலங்குக்கும் இதே நிலைதான். சிறுத்தைக்கு முள்ளம்பன்றி ஒரு வேளை உணவு. ஆனால் பாதத்தில் ஏறும் முட்கள் அதை வாரக்கணக்கில் பட்டினி போடக்கூடும். ஆகவே இரு தரப்பும், முடிந்தவரை மோதாமல் முடிவு காண்பதையே விரும்புகின்றன.

ஒரு விலங்கின் தோற்றமோ ஒலியோ அசைவோ மணமோ மற்றொரு விலங்கின் நடத்தையை மாற்றினால், அதைச் சைகை என்கிறோம். மிரட்டல் என்பது "கிட்டே வராதே" என்று சொல்லும் சைகை. அந்தச் சைகை சொல்லும் பலம், ஆயுதம் அல்லது துணிவு அந்த விலங்கிடம் உண்மையில் இல்லாதபோது, அது வெற்று மிரட்டல் ஆகிறது.

## எல்லா மிரட்டலும் வெற்று அல்ல

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் குழம்புகிறார்கள். நல்ல பாம்பு படமெடுத்து நிற்பது வெற்று மிரட்டல் அல்ல. கழுத்துப் பகுதியிலுள்ள நீண்ட விலா எலும்புகளைப் பக்கவாட்டில் விரித்துத்தான் அது படமெடுக்கிறது. பார்வைக்கு அகலமாகத் தெரிவது என்னவோ உண்மை. ஆனால் அந்தக் காட்சிக்குப் பின்னால் விஷம் இருக்கிறது. கண்ணாடி விரியனின் பலத்த சீறல், சுருட்டை விரியன் தன் செதில்களைத் தேய்த்து எழுப்பும் அரம் போன்ற ஒலி, முள்ளம்பன்றி தன் வால் முட்களைக் குலுக்குவது எல்லாமே ஆயுதம் கையில் இருப்பவர்கள் தரும் முன்னறிவிப்பு. இவற்றை மெய்ச்சைகை என்று அழைப்போம்: சொல்லும் செய்தியும் உள்ளே இருக்கும் சரக்கும் ஒன்றாக உள்ள சைகை.

சில சைகைகளில் பொய் சொல்லவே வழி கிடையாது. கொரில்லா மார்பில் அறைந்துகொள்வதை வெறும் ஆர்ப்பாட்டம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ருவாண்டாவின் மலைக் கொரில்லாக்களிடம் பதிவு செய்து 2021-ல் வெளியான ஆய்வு வேறு கதை சொல்கிறது. உடல் பெரிய ஆண்கள் அறையும்போது எழும் ஒலியின் அதிர்வெண் குறைவு, அதாவது ஒலி கனமானது. சிறிய கொரில்லா எவ்வளவு ஓங்கி அறைந்தாலும் அந்தக் கனம் வராது. அடர்ந்த காட்டில் ஒன்றை ஒன்று பார்க்காமலேயே "எதிரி எவ்வளவு பெரியவன்" என்று எடைபோட இந்த ஒலி உதவக்கூடும்.

தேரைகளிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் 1978-ல் வெளியான ஒரு சோதனையில், பெண் தேரையைப் பற்றியிருந்த ஆண் தேரைகளைச் சத்தமிட முடியாதபடி செய்துவிட்டு, பதிவு செய்த ஒலிகளை ஒலிபரப்பினார்கள். கனத்த குரல் கேட்டபோது போட்டி ஆண்களின் தாக்குதல் குறைந்தது; கீச்சுக்குரல் கேட்டபோது கூடியது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். மிரட்டல் என்பது சண்டைச் செலவைத் தவிர்க்கும் வழி. அதில் பெரும்பகுதி உண்மை. உண்மையான மிரட்டல்களுக்கு நடுவே ஒளிந்துகொண்டுதான் வெற்று மிரட்டல் பிழைக்கிறது.

## உடலுக்குள் என்ன நடக்கிறது?

நாயைக் கண்ட பூனை முதுகை வில்லாக வளைத்து, ரோமம் சிலிர்த்து, பக்கவாட்டில் திரும்பி நிற்கும். நேராக நிற்பதைவிடப் பக்கவாட்டில் நின்றால் உருவம் பெரிதாகத் தெரியும். இதைப் பூனை உட்கார்ந்து யோசித்துச் செய்வதில்லை. ஆபத்தை மூளை உணர்ந்ததும், தன்னிச்சையாக இயங்கும் பரிவு நரம்பு மண்டலம் முடுக்கிவிடப்படுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயத் துடிப்பு ஏறுகிறது, ஒவ்வொரு ரோமத்தின் அடியிலும் உள்ள நுண்ணிய தசை சுருங்கி ரோமத்தை நிமிர்த்துகிறது. நமக்குப் பயத்தில் மயிர்க்கூச்செறிவதும் அதே தசைகளால்தான். நம் உடலில் ரோமம் குறைவு என்பதால் அதனால் நாம் பெரிதாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அதாவது மிரட்டும் காட்சியும், ஓடவோ மோதவோ உடல் தயாராவதும் ஒரே நேரத்தில், ஒரே தூண்டலில் நடப்பவை. மிரட்டும் விலங்கு அமைதியான மனநிலையில் நடித்துக்கொண்டிருக்கவில்லை. அதன் உடல் ஏற்கெனவே சண்டைக்குத் தயாராகிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யானையைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

"ஏமாற்றத் திட்டமிடுகிறது" என்ற எண்ணமும் இங்கேயே அடிபட்டுப்போகிறது. வட அமெரிக்காவின் ஹாக்னோஸ் பாம்பைப் பாருங்கள். தொந்தரவு செய்தால் நல்ல பாம்பு போலக் கழுத்தைத் தட்டையாக்கிச் சீறும், வாயை மூடியபடியே பொய்யாகக் கொத்தும். அதற்கும் எதிரி அசையாவிட்டால் மல்லாந்து புரண்டு, வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கவிட்டுச் செத்ததுபோல் கிடக்கும். நாம் அதைத் திருப்பிக் குப்புறப் போட்டால் மறுபடி மல்லாந்துகொள்ளும்! செத்த பாம்பு என்றால் மல்லாந்துதான் கிடக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. திட்டமிட்டு நடிக்கும் உயிர் இந்தப் பிழையைச் செய்யாது. முட்டையிலிருந்து வந்து கொஞ்ச நாளே ஆன குட்டிகளும் இதைச் செய்கின்றன, யாரும் கற்றுத்தராமலேயே. இப்படிச் செய்த முன்னோர்கள் பிழைத்ததால் வந்த நடத்தை இது.

## ஓடு உரித்த இறால்

வெற்று மிரட்டலுக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு கடலில் இருக்கிறது. மாண்டிஸ் இறால் என்ற உயிரினம் பவளப்பாறைப் பொந்துகளில் வாழ்கிறது. அதன் பல இனங்களுக்கு முன்கால்கள் சுத்தியல் போன்றவை. அவற்றில் ஒரு வகை தன் சுத்தியலை நொடிக்கு 23 மீட்டர் வேகம் வரை வீசுவது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. சிப்பியை உடைக்கும் அடி அது. நல்ல பொந்துக்குப் போட்டி அதிகம். ஆகவே வேறொரு இறால் பொந்தைப் பிடிக்க வந்தால், உள்ளே இருப்பது முன்கால்களை அகல விரித்து, அவற்றின் உட்புறத்தில் உள்ள வண்ணப் புள்ளியைக் காட்டும். "அடிப்பேன்" என்பதுதான் அதன் பொருள்.

ஆனால் நண்டு, இறால் இனங்கள் வளர வேண்டுமானால் பழைய ஓட்டை உரித்தாக வேண்டும். புதிய ஓடு கெட்டிப்படச் சில நாட்கள் ஆகும். அதுவரை மாண்டிஸ் இறால் வெறும் தோல் பை. அதனால் அடிக்க முடியாது. அடி வாங்கினால் தாங்கவும் முடியாது. அந்த நாட்களில் அது என்ன செய்கிறது? அப்போதும் பொந்து வாசலுக்கு வந்து முன்கால்களை விரிக்கிறது! இதை ஸ்டெகர், கால்டுவெல் என்ற ஆய்வாளர்கள் 1983-ல் பதிவு செய்தார்கள். வந்தவன் பல சமயம் திரும்பிப் போய்விடுகிறான். உண்மையில் தள்ளிப் பார்த்தானென்றால் பொந்து அவனுக்குத்தான்.

வந்தவன் ஏன் தள்ளிப் பார்ப்பதில்லை? பெரும்பாலான நேரங்களில் பெரும்பாலான இறால்களுக்கு ஓடு கெட்டியாகவே இருக்கிறது. அந்தச் சைகையை நம்பாமல் முன்னேறுபவன் பெரும்பாலும் அடி வாங்குவான், சாகவும் கூடும். எப்போதோ ஒரு முறை ஏமாறுவதைவிட, ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்ப்பதுதான் அதிக நஷ்டம்.

## பொய் எந்த அளவு வரை செல்லும்?

வாசலில் பலகை தொங்கும் வீடுகளில் பத்தில் எட்டில் நாய் இருந்தால் திருடன் எல்லாப் பலகைகளுக்கும் பயப்படுவான். பத்தில் ஒன்றில்தான் நாய் என்று ஆகிவிட்டால் பலகைக்கு மதிப்பே போய்விடும். விலங்குலகில் வெற்று மிரட்டல் எத்தனை இருக்கலாம் என்பதையும் இதே கணக்குத்தான் தீர்மானிக்கிறது. ஆனால் விகிதம் மட்டும் போதாது. கடி எவ்வளவு பலமானது என்பதும் சேர்ந்ததுதான் கணக்கு. கடித்தால் உயிர் போகும் என்றால், பத்தில் ஒரு வீட்டில் நாய் இருந்தாலும் யாரும் சுவரேற மாட்டார்கள்.

ஃபிட்லர் நண்டு இதற்கு நல்ல சான்று. ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடலுக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குப் பெரிது. அது முறிந்துபோனால் புதிதாக முளைக்கும். சில இனங்களில் அப்படி முளைப்பது நீளத்தில் பழையதற்குச் சமம். ஆனால் மெலிந்தது, எடை குறைந்தது, தசை போதாது. சண்டையில் பிடி நிற்காது. ஆனால் பார்க்கும் எதிரிக்கு நீளம்தான் தெரிகிறது, உள்ளே எவ்வளவு தசை என்பது தெரிவதில்லை. சில இடங்களில் ஆண்களில் 44 சதவீதம் வரை இப்படிப்பட்ட கொடுக்கு உடையவை என்று கண்டறியப்பட்டிருக்கிறது. இத்தனை பேர் பொய்க் கொடுக்கோடு இருந்தும் மிரட்டல் செல்லுபடியாகிறது. காரணம் எளிது. பொய்யைக் கண்டுபிடிக்கச் சண்டைதான் போட வேண்டும். எல்லோரோடும் சண்டை போட யாருக்கும் தெம்பில்லை.

சமயத்தில் எல்லோரும் ஒரே பொய்யைச் சொல்லத் தொடங்கினால் அது பொய்யாகவே இல்லாமல் போய்விடும். ஐரோப்பியச் செம்மான் கர்ஜிக்கும்போது தன் குரல்வளையை மார்பெலும்பு வரை கீழே இழுத்துக்கொள்கிறது. ஒலிப்பாதை நீள்வதால் இருப்பதைவிடப் பெரிய விலங்கு கத்துவதுபோல் கேட்கும். தொடங்கியபோது இது ஏமாற்றாகவே இருந்திருக்கலாம். இப்போது வளர்ந்த ஆண் மான்கள் எல்லாமே இதைச் செய்கின்றன. மார்பெலும்புக்குக் கீழே இழுக்க இடமில்லை. எனவே மறுபடியும் யாருக்கு உடல் நீளமோ அவனுக்கே கனத்த குரல்.

சுருக்கமாக: சோதித்துப் பார்க்கும் செலவு பொய்யைக் காப்பாற்றுகிறது, பொய்யர்களின் எண்ணிக்கை அளவு மீறினால் அந்தக் காப்பு உடைகிறது.

## ஒரு நொடி திடுக்கிட்டால் போதும்

வேறொரு வகை மிரட்டலும் உண்டு. அங்கே பலத்தைக் காட்டுவது நோக்கமில்லை. எதிரியை ஒரு கணம் உறைய வைப்பதே நோக்கம். இதைத் திடுக்கிடவைத்தல் என்று சொல்லலாம்.

ஐரோப்பாவின் பீகாக் பட்டாம்பூச்சி இறக்கையை மூடியிருக்கும்போது காய்ந்த இலைபோல இருக்கும். பறவை நெருங்கினால் படீரென்று விரிக்கும். நான்கு பெரிய கண் போன்ற புள்ளிகள் தெரியும், உரசல் ஒலியும் எழும். 2005-ல் வெளியான ஒரு சோதனையில் இந்தப் புள்ளிகளைச் சில பூச்சிகளிடம் வண்ணம் பூசி மறைத்துவிட்டு, புளூ டிட் என்ற சிறு பறவையுடன் விட்டார்கள். புள்ளி தெரிந்த 34 பூச்சிகளில் ஒன்றுதான் இரையானது. மறைக்கப்பட்ட 20-ல் 13 இரையாயின.

ஆஸ்திரேலியாவின் ஃபிரில்டு ஓணான் வாயைப் பிளக்கும்போது கழுத்தைச் சுற்றியுள்ள தோல் குடைபோல விரிகிறது. எதிரி தயங்கும் அந்த நொடியில் இரண்டு பின்னங்கால்களில் ஓடி மரமேறிவிடும். அந்தக் குடைக்குப் பின்னால் ஆயுதம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை.

யாரிடம் எதைக் காட்ட வேண்டும் என்பதிலும் கவனம் இருக்கிறது. இளம் கணவாய்கள், கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன் வந்தால் உடலை வெளிறச் செய்து முதுகில் இரண்டு கரும்புள்ளிகளைத் தோற்றுவிக்கின்றன. மோப்பத்தால் தேடும் சிறு சுறாவும் நண்டும் வந்தால் அந்த வேலையே கிடையாது, நேராக ஓட்டம்தான். பார்க்காதவனிடம் படம் காட்டி என்ன பயன்? இதன் மறுபக்கம் அமெரிக்காவின் வளை ஆந்தை. தரைக்கடியில் இருட்டு வளையில் இருக்கும் அதற்கு உருவத்தைக் காட்டிப் பலனில்லை. அதனால் கிலுகிலுப்பைப் பாம்பின் வாலொலியைப் போலச் சீறுகிறது. அத்தகைய வளைகளில் அந்தப் பாம்பு உண்மையிலேயே இருப்பதுண்டு என்பதால், உள்ளே நுழைய வந்த விலங்கு நம்பித்தான் ஆக வேண்டும்.

காயம்பட்டதுபோல் சிறகை இழுத்து நடந்து, கூட்டிலிருந்து எதிரியைத் திசைதிருப்பும் ஆட்காட்டி வகைப் பறவைகளையும் வெற்று மிரட்டலில் சேர்த்துப் பேசுகிறார்கள். அது மிரட்டலே அல்ல, எதிரியைத் தன்னிடம் இழுக்கும் சைகை. நச்சுமீனான பேத்தை நீரை விழுங்கி ஊதிக்கொள்வதும் வெறும் பாவனை அல்ல. உண்மையிலேயே விழுங்க முடியாத அளவாகிவிடுகிறது.

## யானையின் மிரட்டல் ஓட்டம்

இப்போது தொடங்கிய இடத்துக்கு வருவோம். யானை எதிராளியை நோக்கி ஓடிவந்து, தொடாமல் நின்றுவிடுவதை மிரட்டல் ஓட்டம் என்போம். வழக்கமான அடையாளங்கள் இவை: தலையை உயர்த்தி தந்தத்துக்கு மேலாகப் பார்க்கும், காதுகள் முழுதாக விரிந்திருக்கும், தலையை உதறும்போது காது உடலில் அடிக்கும் சத்தம் கேட்கும், பிளிறும், மண்ணைக் கிளப்பும். ஓடிவரும் முன்னும் பின்னும் அதன் தயக்கம் சின்னச் சின்ன அசைவுகளில் தெரியும். ஒரு முன்னங்காலைத் தூக்கி முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே நிற்கும். துதிக்கை நுனியை இப்படியும் அப்படியும் முறுக்கும். தன் முகத்தைத் தானே தொட்டுக்கொள்ளும். புல்லைப் பிடுங்கும், ஆனால் தின்னாது. விலகலாமா, தாக்கலாமா என்ற இரண்டு உந்துதல்களுக்கு நடுவே அது நிற்கிறது.

காதை ஒட்டவைத்து, துதிக்கையைச் சுருட்டி, தலையைத் தாழ்த்தி, சத்தமில்லாமல் வந்தால் உண்மைத் தாக்குதல் என்று ஒரு பட்டியல் பரவலாகச் சொல்லப்படுகிறது. பொதுப்போக்காக அதில் உண்மை உண்டு. ஆனால் அதை நம்பி உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. காதை விரித்து வந்த யானை கடைசி நொடியில் முடிவை மாற்றிக்கொள்ள முடியும். ஓடத் தொடங்கும்போது அது இன்னும் முடிவெடுக்கவில்லை என்பதுதான் விஷயம். எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். மிரட்டல் ஓட்டம் மிரட்டலாகவே முடிந்ததா என்பது முடிந்த பிறகுதான் தெரியும்.

நேரக் கணக்கையும் பாருங்கள். யானையின் வேகம் நொடிக்கு சுமார் 6.8 மீட்டர் வரை அளக்கப்பட்டிருக்கிறது, மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். 30 மீட்டர் தள்ளி நிற்கும் யானை உங்களிடம் வர ஐந்து நொடிகூட ஆகாது. காதின் நிலையைக் கவனித்து, பட்டியலை நினைவுபடுத்தி, பிறகு முடிவெடுக்க அந்த நேரம் போதாது.

மதம் பிடித்த ஆண் யானை என்றால் இந்தக் கணக்கு இன்னும் மோசம். கண்ணுக்கும் காதுக்கும் இடையே கன்னத்தில் வழியும் நீர், பின்னங்கால்கள் சிறுநீரில் நனைந்திருப்பது இரண்டும் அதன் அடையாளம். கன்றோடு இருக்கும் தாயும், ஏற்கெனவே காயம்பட்ட யானையும் விலகிப்போகும் தெரிவை எளிதில் எடுப்பதில்லை.

## எதிரில் நிற்பவர் எங்கே தவறு செய்கிறார்?

முதல் தவறு, நின்றுவிட்ட விலங்கைத் தோற்ற விலங்காக எண்ணி ஒரு அடி முன்னே வைப்பது. விலங்கு "போ" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திருக்கிறது. முன்னே வருவது அதற்கு மோசமான பதில். வண்டியில் இருப்பவர்கள் ஹாரன் அடிப்பது, எஞ்சினை உறுமவிடுவது, விளக்கை முகத்தில் அடிப்பது எல்லாம் இதே வகை.

இரண்டாவது, வழியை அடைப்பது. பயந்த விலங்குக்கு ஓட இடமில்லை என்றால் மிரட்டல் பலிக்காதபோது அதற்கு மீதமிருப்பது தாக்குதல் மட்டுமே. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே வண்டியை நிறுத்துவது, கூட்டம் பாதையைக் கடக்கும்போது இடையில் நுழைவது, மூலையில் ஒதுங்கிய பாம்பைச் சுற்றி ஆட்கள் கூடுவது ஆகிய மூன்றிலும் நடப்பது ஒன்றுதான்.

மூன்றாவது, ஒரு விலங்குக்கான அறிவுரையை எல்லா விலங்குக்கும் பொருத்துவது. பழுப்புக் கரடி மிரட்டி ஓடிவந்தால் ஓடாமல் நின்று, அது நின்றபின் முகம் திருப்பாமல் மெதுவாகப் பின்வாங்குவதே பொதுவான அறிவுரை. ஓடுவது அதன் துரத்தும் உந்துதலைத் தூண்டும். யானையிடம் அதே போல நின்று பார்ப்பதை யாரும் ஒரு உத்தியாகச் சொல்வதில்லை. தூரத்திலேயே நிறுத்துவதும், கால் ஆட்டம், துதிக்கை முறுக்கல் தெரிந்த உடனே பின்வாங்குவதும்தான் வழி. நல்ல பாம்பு படமெடுத்தால், அது தரையிலிருந்து உயர்த்தியிருக்கும் உடல்பகுதியே ஏறத்தாழ அதன் கொத்தும் எட்டம். அசையாமல் நின்று, பிறகு மெதுவாகப் பின்னே இரண்டு மூன்று அடி எடுத்து வைத்தால் எட்டத்தைத் தாண்டிவிடலாம். கம்பெடுத்தால் அது மிரட்டலை விட்டுவிட்டுக் கடிக்க வரக்கூடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மிரட்டல் பலிக்கும் ஒவ்வொரு முறையும் விலங்குக்குச் சண்டையின் செலவு மிச்சம். ஆள் நெருக்கமுள்ள வழிகளில் வண்டிக்காரர்கள் ஒவ்வொரு முறையும் யானையின் மிரட்டலைப் பொருட்படுத்தாமல் கடந்துபோனால், மிரட்டுவதால் பயனில்லை என்று அந்த யானை கற்றுக்கொள்ளக்கூடும். அப்படிக் கற்றுக்கொண்ட யானை அடுத்து வருபவரிடம் கால் ஆட்டாமல், பிளிறாமல், நேராகவே வரலாம். அந்த அடுத்தவருக்கு ஐந்து நொடி அவகாசம்கூடக் கிடைக்காது.